ஆறு குதிரையும் ஒரு முன்தண்டும்

சின்னத்தொடுவாய்க் கரைக்கு வந்து இன்னாசிப்பிள்ளை வீடு எது என்று கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். செக்கண்ட் இன்னாசி என்று கேளுங்கள், பால்குடி மறக்காத பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடும். அந்தப் பேர் அவனுக்குச் சும்மா வரவில்லை. இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைகளில் எது இரண்டாவதாக வரப்போகிறது என்று தெரியவேண்டுமானால், இன்னாசி எதிலே காசு கட்டியிருக்கிறான் என்று பார்த்தால் போதும். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வரை ரேஸ் விளையாடுகிற அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட விசயம் இது.

ஓட்டக் குதிரை ஒன்றை அவன் கண்ணால் கண்டதே கிடையாது. குதிரை வகையில் அவனுக்குத் தெரிந்த கிட்டத்துச் சொந்தம் கற்பிட்டி ரோட்டில் திரிகிற கழுதைகள்தான். ஆனாலும் அன்றன்றைக்கு வருகிற ரேஸ் தாளை விரித்துவிட்டானென்றால் மனிதன் வேறு ஆள். எந்தக் குதிரை எத்தனை பாரம் சுமக்கிறது, போன ஓட்டத்தில் எங்கே களைத்தது, அங்கே மழை பெய்ததா, ஈரமண்ணில் கால் ஊன்றுமா வழுக்குமா என்று விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பேரை வாய்க்குள் சொல்லுவான். பின்னேரம் குளித்து, பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத சேர்ட்டோடு பஸ் ஏறி, குதிரைக்குக் காசு கட்டுகிற நகரத்துப் புக்கிக் கடைக்குப் போவான். கோயிலுக்குக்கூட இந்தக் கோலத்தில் போனதில்லை என்பது அவன் மனைவி யூஜீனியாவின் வயிற்றெரிச்சல்.

கிறிஸ்மசுக்கு முதல் வாரம் அவளுடைய ஆடுகள் இரண்டும் புக்கிக்குப் போயின. ஆடுகள் நடந்து போகவில்லை, காசாகிப் போயின. வழக்கம்போல இரண்டாவது. யூஜீனியா அழவில்லை, சத்தம் போடவில்லை, வெறுமையாய்க் கிடந்த ஆட்டுக்கொட்டிலைப் பார்த்துக்கொண்டே தபசு நோன்புக் காலம் பிறக்கும்வரை இருந்தாள். விபூதிப் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு இருவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தொடங்கினாள்.

"ஆளாளுக்கு ஒவ்வொண்டை விடுகினம். அண்ணன் சாராயத்தை விட்டிட்டார். நான் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டிட்டன். நீங்க என்னத்தை விடப்போறீங்க?"

"இறைச்சி."

"இந்த வீட்டில இறைச்சி காய்ச்சி எத்தனை நாள்? இல்லாததை விடுறதுக்கு என்ன தபசு? புக்கியை விடுங்க. உயிர்த்த ஞாயிறு மட்டும் ஒரு சதம் கட்டப்படாது. கட்டினதெண்டு என்ர காதில விழுந்துதோ, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு சிலாபத்துக்கு மகளிட்டப் போயிடுவன். பிறகு பாணும் வெறுந் தேத்தண்ணியும்தான் உங்களுக்கு."

அவள் போகிறேன் என்றால் போகிற பெண். இன்னாசிக்கு அது தெரியும். தலவில் கோயில் அன்னம்மா ஆணை என்று நெற்றிச் சாம்பலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். பண்ணிவிட்டுக் கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தாளைப் பாக்கலாமோ?"

"பாக்கிறதெண்டா கண்ணால பாருங்க. கையைப் பொக்கற்றுக்குள்ள விடாதீங்க" என்றாள் யூஜீனியா.

அன்றிலிருந்து அவனுக்கு ரேஸ் தாள் கொண்டுவந்து கொடுத்தவன் நளீம். தில்லையடியிலிருந்து பட்டா என்கிற சின்ன லொறியில் மீன் எடுக்க வருகிறவன். அவன் சூது தொடாதவன். "எங்களுக்கு இது ஹறாம். தாளைக் கொண்டு வாறதில குத்தம் இருக்கா இல்லையா எண்டு பள்ளிவாசல் ஹஸரத்திட்டக் கேக்கலாம்தான், ஆனா கேக்கப் போகேல்ல" என்று சொல்லிச் சிரிப்பான். சொல்லிவிட்டு, இன்னாசி தாளைப் பார்த்துச் சொல்லுகிற கதையை ஐஸ்பெட்டி மேல் குந்தியிருந்து வாய்பார்ப்பான்.

இன்னாசி வேலை செய்தது அல்பிரட்டின் கரைவலையில். அல்பிரட் வலைக்குச் சொந்தக்காரன், ஊர்வழக்கில் சம்மாட்டி, யூஜீனியாவின் மூத்த அண்ணன். அகன்ற தோள், தடித்த கழுத்து, கரை முழுக்கக் கேட்கிற குரல். மற்றக் கரைகளில் டிரக்டர் கட்டி வலை இழுக்கிறார்கள், அல்பிரட் இன்னும் ஆள்வைத்துத்தான் இழுக்கிறான். மச்சானை மச்சான் என்று அவன் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அவனுக்கும் இன்னாசி செக்கண்ட்தான்.

இந்தச் செக்கண்ட் கரையோடு நின்றிருந்தால் இன்னாசி பொறுத்திருப்பான். கோயிலிலும் அது அவனை விடவில்லை. பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறன்று காலைப் பூசைக்குப் பிறகு உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தைக் கூட்டில் வைத்து ஊரைச் சுற்றித் தூக்கிவருவார்கள். கூட்டுக்கு வலமும் இடமுமாக இரண்டு தண்டு. வலத்தண்டின் முன்நுனி அல்பிரட்டின் தோளுக்கு. அவன் பாட்டன் கோயிலுக்கு மரம் கொடுத்த காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டு உரிமை. அவனுக்குப் பின்னால் இரண்டாவதாகத் தோள் கொடுக்கிறவன் இன்னாசி. கலியாணம் கட்டிய வருசத்திலிருந்து அதே இடம். ஊர் ஆண்டவரின் முகத்தைப் பார்த்துக் கும்பிடும்போது இன்னாசி அல்பிரட்டின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு போவான். அந்தக் கழுத்தின் மடிப்பு ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள், சனிக்கிழமை. விடிந்தபோது வாடைக்காற்று செத்திருந்தது. கச்சான் காற்று தொடங்கினால் கரைவலைக் காலம் முடிந்துவிடும், அதனால் கிடைக்கிற ஒவ்வொரு வலைப்பாடும் கணக்கு. வலை வளைத்துவிட்டு இரண்டு கயிற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலுக்குள் குதி புதைய, இடுப்பில் சாக்குப்பட்டி இறுக, ஒரு அடி பின்னுக்கு, மூச்சு, இன்னொரு அடி பின்னுக்கு. நளீம் லொறியை நிறுத்திவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். இழுக்கிறவனுக்குக் கை இல்லையே, தாளை இன்னாசியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவனும் ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நடந்தான்.

"இரவு அங்க மழை" என்றான் நளீம். "ஃபோனில போட்டிருக்கு."

"அப்ப மண் இளகியிருக்கும்" என்றான் இன்னாசி. "மெல்லிசுக் கால் வழுக்கும். குதி ஊண்டி ஓடுறதுதான் வரும்."

அல்பிரட் கயிற்றின் தலைமாட்டில் இருந்து குரல் கொடுத்தான்.

"என்ன செக்கண்ட், இண்டைக்கு ஆறு ரேஸிலயும் ரெண்டாவதா வாறது எதெது?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரிக்கிறவன்தான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. முதல்நாள் சுவாமியார் தண்டு தூக்குகிறவர்களைக் கூப்பிட்டுப் பேர் கேட்டபோது, "எனக்குப் பின்னுக்கு இன்னாசி நிப்பான் சுவாமி, ரெண்டாவதா வாறது அவனுக்குப் பழக்கம்" என்று அல்பிரட் சொல்லியிருந்தான். சுவாமியாரும் சிரித்துவிட்டார். அது இரவு முழுக்க இன்னாசியின் நெஞ்சில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு கிடந்தது.

"இண்டைக்கு ஆறும் முதலாவதாத்தான் வரும்" என்றான்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. கயிறு ஒரு கணம் தளர்ந்தது.

"ஆறும்?"

"ஓம். ஆறும்."

அல்பிரட் திரும்பிப் பார்த்தான். "கேட்டீங்களா கதையை. சரி. ஆறும் முதலாவதா வந்தா இந்தப் பாஸ்குக்கு என்ர முன்தண்டு உனக்கு. ஒண்டு தவறினாலும், இனி இந்தக் கரையில குதிரைக்கதை கிடையாது. உன்ர வாயில ரேஸ் எண்ட சொல்லே வரப்படாது. சரியோ?"

"சரி."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இருவருடைய கையையும் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கை கயிற்றில் இருந்தது. வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல்லைச் சின்னத்தொடுவாயில் யாரும் மாற்றுவதில்லை. மாற்றினால் வலையின் மடி கிழிந்து மீன் போகும் என்று பயம். அந்தப் பயத்தில் அங்கே கலியாணங்களே நடந்திருக்கின்றன. அல்பிரட்டுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் சம்மாட்டி சொன்னதை விழுங்குவானா.

"பேரைச் சொல்லு. ஆளுக்கொரு குதிரை ஞாபகம் வச்சிருங்கடா. பின்னேரம் ஒருத்தன்ர வாயும் புரளப்படாது."

இன்னாசி சொல்லச் சொல்ல, இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு குதிரையை வாங்கிக்கொண்டார்கள். முதல் ஓட்டத்துக்குப் பெல் ரோப், இரண்டுக்கு மில் லேன், மூன்றுக்குக் கார்ன் மெர்ச்சன்ட், நாலுக்கு டேம் ஆலிஸ். ஐந்தாவது ஓல்ட் மெர்சி, அதைக் கட்டைச் சூசை எடுத்துக்கொண்டான். கடைசிக் குதிரைக்கு அந்தக் கயிற்றில் ஆள் மிச்சமில்லை.

"அதை நானே வச்சிருக்கிறன்" என்றான் அல்பிரட். "என்ன பேர்?"

"லேட் ஹார்பர்."

"லேட் ஹார்பர்" என்று அல்பிரட் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு அந்தப் பாடு முடியும்வரை கரையில் இருந்த சத்தமெல்லாம் ஆறு குதிரைகளின் பேர்தான். மடி கரைக்கு வந்தபோது கீரிமீனும் சாளையுமாக வெள்ளி கொட்டியதுபோல் இருந்தது.

மத்தியானம் யூஜீனியா வீட்டு முற்றத்தில் கீரிமீனைப் பிளந்து உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். செய்தி அவளுக்கு மீனுக்கு முன்பே வந்துவிட்டது. சோறும் சொதியும் போட்டாள். இன்னாசி பாதி தின்றுகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. புக்கியில் அவனோடு ஒன்றாகக் குந்தியிருந்து தோற்கிற சிலாபத்து நிமல். அரைமணிக் கதைக்குப் பிறகு இன்னாசி கையைக் கழுவினான், சேர்ட்டைத் தேடினான்.

"எங்க போறீங்க?"

"சூசை வீட்டுக்கு. சும்மா."

"சூசையிட்ட என்ன சும்மா?"

"ஐஞ்சாவது ரேஸ். கிங்ஸ் லெட்டர்தான் வருமாம். நிமல் சொல்லுறான், புக்கி முழுக்க அதிலதானாம் கட்டுறாங்கள். ஓல்ட் மெர்சிக்கு ஒருத்தனும் கட்டேல்லையாம். மாத்தவேணும்."

"கயித்தில கைவச்சுச் சொன்னதை மாத்துறதோ?"

"ஐஞ்சாவதைச் சொல்லேக்குள்ள நான் முகம் துடைக்கக் கையை எடுத்த மாதிரி ஒரு ஞாபகம்."

யூஜீனியா கத்தியைக் கீழே வைத்தாள். "இஞ்ச இருங்க."

"நேரம் போகுது."

"இருங்க எண்டுறன்."

இருந்தான். அவள் உப்புக்கையைச் சீலைத்தலைப்பில் துடைத்தாள்.

"ஆடு ரெண்டும் போன அண்டு, காலையில தேத்தண்ணி குடிக்கேக்குள்ள என்ன குதிரை சொன்னீங்க?"

"அதையேன் இப்ப கிளறுறாய்?"

"சொல்லுங்க."

இன்னாசி யோசித்தான். யோசிக்க வேண்டியதில்லை, மறக்கிற காரியமா அது. "ஒரு சாம்பல் குதிரை."

"அது வந்ததோ?"

"வந்தது."

"நீங்க கட்டினது எது?"

"பஸ்ஸில போகேக்குள்ள ஒருத்தன் சொன்னான், அந்தச் சாம்பல்..."

"எது கட்டினீங்க எண்டு கேட்டன்."

"வேற ஒண்டு. செக்கண்ட்."

"அதுக்கு முதல் மாசம், மகள் வந்து நிண்ட அண்டு? காலையில ஒரு பேர் சொன்னீங்க, பின்னேரம் வேற பேரோட வந்தீங்க. பெரியநாயகி மாதா திருநாள் அண்டு? அதுவும் அப்பிடித்தான். நான் குசினிக்குள்ள நிண்டாலும் எனக்குக் காது கேக்கும். காலையில வாய்க்குள்ள சொல்லுறது ஒண்டு, பஸ்ஸில கேட்டது ஒண்டு, புக்கி வாசல்ல கேட்டது ஒண்டு, கட்டுறது கடைசியாக் கேட்டது. உங்களுக்குக் குதிரை தெரியாதெண்டு ஊர் நினைக்குது. உங்களுக்குக் குதிரை தெரியும். உங்களை நம்பத்தான் தெரியாது."

இன்னாசி விரலை மடித்தான். ஒவ்வொரு காலையாய் எண்ணிப் பார்த்தான். காலையில் சொன்னவை எல்லாம் வந்த குதிரைகள்.

"ஏன் இவ்வளவு காலமும் இதை நீ சொல்லேல்ல?"

"சொன்னா வெல்லுவீங்க. வெண்டா விடுவீங்களோ? தோத்தும் விடாத மனுசன், வெண்டா என்னை வித்தும் கட்டுவீங்க. அதுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தன். ஆடு போனாலும் போகட்டும் எண்டுதான் இருந்தன்."

"இண்டைக்கு மட்டும் ஏன் சொல்லுறாய்?"

யூஜீனியா கத்தியை மறுபடி எடுத்தாள். ஒரு மீனை எடுத்து, பிளந்து, திருப்பி வைத்தாள்.

"இண்டைக்குக் காசு இல்ல. தண்டு. ஒவ்வொரு பாஸ்குக்கும் நான் ரோட்டோரம் நிண்டு பாக்கிறன். கூடு வரேக்குள்ள முதல்ல எங்கட அண்ணன். பிறகு, அண்ணனுக்குப் பின்னுக்கு நிலத்தைப் பாத்துக்கொண்டு நீங்க. எனக்கு அது நல்லாயிருக்கு எண்டோ நினைச்சீங்க? சேர்ட்டைக் கழட்டுங்க. சூசை வீட்டுக்குப் போகவேண்டாம். ஓல்ட் மெர்சிதான்."

இன்னாசி சேர்ட்டைக் கழற்றினான்.

பின்னேரம் ஓட்டம் தொடங்கு முன்பே பாதி ஊர் மீன்வாடிக் கொட்டிலடிக்கு வந்துவிட்டது. அந்தக் கரையில் ஃபோன் சிக்னல் கவிழ்த்து வைத்த பழைய வள்ளத்தின் அணியத்து முன்நுனியில் மட்டும்தான் கிடைக்கும். நளீம் தன் ஃபோனை அதன்மேல் நிறுத்தி, சாய்ந்துவிடாமல் உப்புக்கல்லை முட்டுக் கொடுத்தான். வெறும்பெட்டி எடுக்க வந்ததாகச் சொன்னான். காலையில்தான் எல்லாப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தான், அதை யாரும் கேட்கவில்லை.

பெல் ரோப் முதல் அடியிலிருந்தே முன்னுக்குப் போய் முன்னுக்கே முடித்தது. அதை வைத்திருந்தவன் ஏதோ தானே வளர்த்த குதிரை மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். இரண்டாவது வந்தபோது சிரிப்பு இருந்தது. மூன்றாவதும் வந்தபோது சிரிப்பைக் காணோம், ஆட்கள் கிட்ட வந்து நெருக்கி நின்றார்கள். நாலாவதுக்கு முன் பொழுது கடலில் விழுந்துவிட்டது. நளீம் லொறிப் பக்கம் பாய் விரித்து மஃரிபு தொழப் போனான், ஃபோனைப் பார்த்துக்கொள்ளும்படி அல்பிரட்டிடம் சொல்லிவிட்டு. அவன் திரும்பி வர டேம் ஆலிஸ் முடித்திருந்தது.

"என்ன நடந்தது?"

"வந்திட்டுது" என்றான் அல்பிரட், பல்லுப் பிடுங்கினவன் மாதிரி.

ஐந்தாவது ஓட்டத்துக்கு இன்னாசி பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். நிமல் சொன்ன கிங்ஸ் லெட்டர் முன்னுக்குப் போகிறது என்று காதில் விழுந்தது. சேறு அடிக்கிறது என்று ஒருவன் சொன்னான். கிங்ஸ் லெட்டர், கிங்ஸ் லெட்டர் என்று ஃபோனுக்குள் வெள்ளைக்காரன் கத்தினான். இன்னாசியின் கால் தானாகவே மணலுக்குள் குதியை ஊன்றிக்கொண்டது. அப்புறம் வெள்ளைக்காரன் வேறு ஒரு பேரைச் சொல்லத் தொடங்கினான். முதலில் ஒருதரம், பிறகு இரண்டுதரம், பிறகு அந்தப் பேரை மட்டுமே. கட்டைச் சூசை இருந்த இடத்திலிருந்து துள்ளி வந்து இன்னாசியின் முதுகில் தொங்கினான்.

"என்ர மெர்சி வந்திட்டாள் அண்ணை."

இன்னாசி கூட்டத்தில் யூஜீனியாவைத் தேடினான். அவள் வாடியின் ஓலைத்தட்டிப் பக்கம் கடகப்பெட்டி ஒன்றைத் தேடுவதுபோல் நின்றாள். அந்தக் கடகம் அவள் கையிலேயே இருந்தது.

கடைசி ஓட்டம். இனிச் சொல்லப்போவதை அல்பிரட் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டான், ஆனால் பார்த்தவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். லேட் ஹார்பர் என்ற பேரை விடியற்காலையிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டு திரிந்தவன் அவன். வலை காயப்போடும்போதும் அதுதான், சோறு தின்னும்போதும் அதுதான். குதிரைகள் புறப்பட்டபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றான். லேட் ஹார்பர் கடைசிக்கு முந்தியதாக வந்துகொண்டிருந்தபோது, "என்ன இது, நித்திரையோ" என்றான். நடுவழியில் அது இரண்டு குதிரையைத் தாண்டியபோது கட்டிய கை அவிழ்ந்தது. கடைசித் திருப்பத்தில் அது வெளிப்பக்கத்தால் இறங்கியபோது அல்பிரட் ஃபோனுக்கு முன்னால் முழங்காலில் நின்றான்.

"இறுக்கு. இறுக்கு. விட்டிடாத. இன்னும் ஒரு பிடி, இறுக்கடா."

மடி கரைக்கு ஏறுகிற நேரத்தில் ஆட்களைப் பார்த்துக் கத்துகிற அதே கத்தல். பழக்கதோசத்தில் வலைக்காரர்கள் எல்லோருக்கும் கை முறுகியது. இரண்டு குதிரை மூக்கும் மூக்குமாய்க் கோட்டைக் கடந்தன.

"ஆர் முதல்?"

"தெரியேல்ல. போட்டோ எடுத்துப் பாக்கிறாங்களாம்" என்றான் நளீம்.

இன்னாசிக்குத் தன் பேர் காதுக்குள் இரைந்தது. செக்கண்ட். ஐந்தும் வந்து ஆறாவதில் ஒரு மூக்கு நீளத்தில் செக்கண்டாகிப் போனால், சாகும்வரைக்கும் மட்டுமல்ல, கல்லறையிலும் அதைத்தான் எழுதுவார்கள். யாரோ ஒருவன் அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லவும் சொன்னான்.

"வாயை மூடடா" என்றான் அல்பிரட். "என்ர குதிரைதான் முதல். நான் கண்ணால கண்டனான்."

நளீம் திரைக்குக் கிட்டக் குனிந்தான். நிமிர்ந்தான். அவன் முகம் முழுக்கப் பல்.

"லேட் ஹார்பர்."

அல்பிரட் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழும்பினான். தூக்கின கை தூக்கினபடியே நிற்க, தான் என்னத்தைத் தோற்றிருக்கிறேன் என்பது அவன் முகத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்ததை ஊரே பார்த்தது. சிரிப்பு என்றால் அதுதான் சிரிப்பு. இன்னாசியைத் தூக்கி வள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். செக்கண்ட் என்று தொடங்கியவர்கள் இடையில் தடுமாறி, இன்னாசி, இன்னாசி என்று முடித்தார்கள்.

"ஆறையும் சேத்து ஒரு நூறு ரூபா கட்டியிருந்தா இப்ப எவ்வளவு தெரியுமோ?" என்று ஒருவன் கீழேயிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"கணக்குப் பாக்காத" என்றான் இன்னாசி. "ஒரு சதம் கட்டேல்ல. அதாலதான் வந்தது." கண்ணீர் ஓட ஓடச் சிரித்தான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோசத்தை அறிந்ததில்லை, சத்தியமாகவே அறிந்ததில்லை.

அல்பிரட் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தான். கூட்டம் விலகியது.

"மச்சான்" என்றான்.

இன்னாசி வள்ளத்திலிருந்து இறங்கினான்.

"முன்தண்டு முடிச்சுள்ள மரம். தோலை உரிக்கும். பழைய சாரம் ஒண்டை மடிச்சுக் கொண்டு வா, தோளுக்குப் போட" என்று சொல்லிவிட்டு அல்பிரட் வலையைப் பார்க்கப் போனான்.

செய்தி கேட்ட சுவாமியார் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து நன்றாகத் திட்டினார். ஆண்டவருடைய தண்டை வைத்துச் சூதாடினீர்களா, அதுவும் தபசு காலத்தில் என்று கேட்டார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். திட்டி முடித்து, ஆளுக்கு மூன்று செபமாலை சொல்லச் சொல்லிவிட்டு, "அது சரி, ஆறாவது எவ்வளவு தூரத்தில வெண்டது?" என்று கேட்டார்.

உயிர்த்த ஞாயிறு காலை மணிகள் அடித்தன. சனம் புதுச் சீலையும் புதுச் சேர்ட்டுமாய்க் கோயில் முற்றத்தில் நிறைந்து நின்றது. இன்னாசி பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத சேர்ட்டோடு வந்தான். தோளில் மடித்த சாரம். கூட்டைத் தூக்கி முன்நுனியைத் தோளில் ஏற்றினான். பின்னால் அல்பிரட்டின் மூச்சு கேட்டது.

"உன்ர பிடரியில ஒரு மறு இருக்கு" என்றான் அல்பிரட். "இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது."

"உன்ர கழுத்தில மூண்டு மடிப்பு. நாலாவது போன வருசம் வந்தது" என்றான் இன்னாசி, திரும்பாமல்.

மேளமும் பாட்டுமாய்க் கூடு ரோட்டுக்கு ஏறியது. கற்பிட்டி பஸ், சுரூபம் கடந்து போகட்டும் என்று ஓரத்தில் நின்றது. புக்கிக்குப் போகிற நாட்களில் இன்னாசிக்கு யன்னலோரம் இடம் பிடித்துக் கொடுக்கிற கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, தபசு முடிஞ்சுதே. நாளைக்கு சீட் வைக்கட்டோ?"

இன்னாசி பார்த்தான். ரோட்டோரம், கொண்டக்டருக்கு இரண்டு அடி தள்ளி, கையில் பூத்தட்டோடு யூஜீனியா நின்றாள். அவள் கொண்டக்டரைப் பார்க்கவில்லை, இன்னாசி என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் தம்பி. நான் கரையில நிண்டே பாப்பன்" என்றான் இன்னாசி.

பஸ் புகையை விட்டது. யூஜீனியா பூவை அள்ளிச் சுரூபத்தின்மேல் எறிந்தாள், கொஞ்சம் கை தாழ்ந்து பாதி இன்னாசியின் தலையில் விழுந்தது. அவள் கூட்டோடு சேர்ந்து அவன் பக்கமாகவே நடந்து வந்தாள்.

"தோள் நோகுதோ?"

"நோகுது."

"முன்னுக்கு நிக்கிறது எப்பிடி இருக்கு?"

அவன் முன்னால் பார்த்தான். கழுத்து இல்லை, முதுகு இல்லை. தென்னைகளுக்கு நடுவால் ரோடு போய்ச் சேருகிற இடத்தில் கடல் தெரிந்தது. கச்சான் அன்றைக்குத்தான் பிறந்திருந்தது.

"காத்து வருது" என்றான்.